குரல் கம்மலும் குறட்டையும்: எங்கள் அனுபவங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்து வில்லிசைக்காரர், வயது 56:

முப்பது ஆண்டுகளாகக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடிவருபவன் என்பதால், குரல் கம்மத் தொடங்கியபோது, விடிய விடியப் பாடித் தொண்டையை வருத்திக்கொண்டதன் பலன் என்றே எண்ணினேன். சுடலைமாடன் கதையில் குரல் உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில் பிசிறடித்தது. காலையில் எழுந்தால் தொண்டையில் உருண்டை சிக்கியதுபோல் இருந்தது. சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் தீர்ந்தனவே தவிர, செருமல் தீரவில்லை.

பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியே குழாயைச் செலுத்திப் பார்த்து, குரல்வளையின் பின்புறம் சிவந்து தடித்திருப்பதாகவும், இரைப்பை நீர் அந்த இடம்வரை எதுக்களித்து வருவதாகவும் சொன்னார். எனக்கு நெஞ்சு கரித்ததே இல்லையே என்றேன். இந்த வகையில் பலருக்கும் கரிப்பதில்லை என்றும், உணவுக்குழாயைவிடக் குரல்வளையின் சவ்வு மென்மையானதால் சிறிதளவு பட்டாலே புண்படும் என்றும் விளக்கினார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் பாதிக் குணம்தான்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் குழுவில் குடம் அடிப்பவர். "அண்ணாச்சி, வேன்ல குறட்டை விட்டுக்கிட்டே இருக்கும்போது மூச்சு நின்னுருது, பொறவு திணறி முழிக்கிய" என்றார். குறட்டை என்றால் அசந்த தூக்கம் என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தியதில்லை. ஓரிரவு உடலெங்கும் ஒயர் ஒட்டி எடுத்த தூக்கப் பரிசோதனையில், மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடையையே கணக்கில் எடுப்பார்களாம். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. அடைத்த தொண்டையை மீறிக் காற்றை இழுக்க மார்பு போராடும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சுவிசை, இரைப்பையில் இருப்பதையும் மேலே இழுக்கக்கூடும் என்று மருத்துவர் விளக்கிய பிறகே, இரண்டு நோய்களையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரிந்தது.

இப்போது, முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். தொடக்கத்தில் வயிற்றில் காற்று நிறைந்து ஏப்பமாக வந்தது; அழுத்தத்தைச் சரிசெய்ததும் அடங்கியது. இரண்டு மாதத்தில் செருமல் வெகுவாகக் குறைந்தது. நள்ளிரவில் கோயில் படப்புச் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு வேனில் சாயும் பழக்கத்தையும் விட்டேன். அந்தச் சோற்றை விட்டதுதான் கருவியைவிடக் கடினம்.

தென்காசியிலிருந்து ஒரு அம்மா:

என் கணவருக்கும் இதே செருமல்தான். ஆனால் தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை மணிக்கு 8 முறை என்றே வந்தது. அவருக்குக் கருவி வேண்டாம் என்ற மருத்துவர், உடற்பருமன் இரண்டு நோய்களுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம் என்பதால், எல்லாப் பழியையும் குறட்டைமேல் போடக்கூடாது என்று எச்சரித்தார். என் கணவர் எடையைக் குறைத்தார்; இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விட்டார்; இடப்பக்கம் சாய்ந்து படுத்தார். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும் என்பதால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தோம். கருவியில்லாமலே அவருக்குத் தேறிவிட்டது.

அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி: வெளியூர்க் கொடையில் கருவிக்கு மின்சாரத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

வில்லிசைக்காரர்:

பந்தலுக்குப் பின்னால், மைக் செட்காரரின் வயரிலிருந்து ஒரு இணைப்பு வாங்கிக்கொள்கிறேன் அம்மா.