மாமியின் குரவை

குழு: அம்மம்மா வீட்டார்
ஞாயிறு, இரவு 7.40

சின்ன மாமி (ஆரையம்பதி): பிள்ளைகள், ரிப்போட் வந்துவிட்டது. கழுத்தில் இருக்கும் தைரொய்ட் சுரப்பிதானாம். டி.எஸ்.எச். 48 என்று போட்டிருக்கிறது. குளிசை தந்திருக்கிறார்கள். மிச்சத்தை மகள் எழுதுவாள். எனக்கு விரல் விறைக்கிறது, கனக்க எழுத ஏலாது.

கல்லடி அக்கா: 48 கூடவா குறைவா மாமி? பயப்பட ஒன்றும் இல்லையே?

மச்சாள் (மாமியின் மகள், நர்ஸ்): கூட, அக்கா. சாதாரணமாக நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டும். ஆனால் இலக்கம் கூடினால் சுரப்பி கூட வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம். டி.எஸ்.எச். கழுத்தில் சுரப்பதில்லை. தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்துச் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி அனுப்புவது அது. கழுத்துச் சுரப்பி சோர்ந்துபோனால் மேலிருந்து கட்டளை கூடிக்கொண்டே போகும். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

பெரியப்பா: சுரப்பி ஏன் சோர்ந்தது? 1995 தொடக்கம் அயடின் கலந்த உப்புத்தானே எல்லோரும் சாப்பிடுகிறோம்.

மச்சாள்: அம்மாவுக்கு உப்பால் வந்ததில்லை, பெரியப்பா. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. ஹஷிமோட்டோ என்ற ஜப்பான் டொக்டர் 1912இல் எழுதி வைத்த நோய், அவர் பெயரில்தான் சொல்வார்கள். பெண்களுக்குத்தான் கூட வரும், குடும்பத்திலும் ஓடும். தம்பி கட்டாரிலிருந்து கடற்பாசிக் குளிசை அனுப்பப் போவதாகச் சொன்னான். வேண்டாம் தம்பி, அயடின் அளவுக்கு மிஞ்சினாலும் இந்தச் சுரப்பிக்குக் கூடாது.

தம்பி (கட்டார்): சரி அக்கா, அனுப்பவில்லை.

நான்: எனக்கு வைகாசிக் குளுத்தித் திருவிழாதான் ஞாபகம் வருகிறது. கண்ணகி அம்மன் கோவிலில் எல்லோரும் குரவை போட, மாமியின் சத்தம் மட்டும் எழும்பவில்லை. கரகரத்து அடைத்துப்போனது. மாமியின் குரவை ரோட்டுக்குக் கேட்கும். அன்றைக்குக் "தொண்டை கட்டியிருக்கு" என்றார், நாங்களும் விட்டுவிட்டோம்.

கல்லடி அக்கா: அதற்கு முதலே, சித்திரை வெயிலில் மாமி ஃபேனை நிற்பாட்டிவிட்டுப் போர்வையோடு படுத்திருந்தார். நாங்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டு இருக்கிறோம், அவர் குளிருகிறது என்கிறார். கலியாண வீட்டுப் படத்திலும் கண்ணுக்குக் கீழே வீக்கம். நான் மாமி கொழுத்துவிட்டார் என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி.

சின்ன மாமி: நீ என்ன செய்வாய் மகள். எனக்கே தெரியாதே. பிட்டுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்க் கிணற்றடியில் நின்றிருக்கிறேன். காலையில் எழும்பினால் உடம்பில் கல் கட்டின மாதிரி. நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வயிறு போகும். ஒரு வருசமாக நான் போன இடமெல்லாம் வயசு என்றுதான் சொன்னார்கள். விற்றமினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் தந்தார்கள்.

மச்சாள்: அந்தக் கொலஸ்ட்ரோலும் இதனால் கூடியிருக்கலாம். தைரொய்ட் குறைந்தால் அது ஏறும், சரிக்கட்டினால் பலருக்கு இறங்கும். இந்த முறை பார்த்த டொக்டர் அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடித்தார். பிறகு குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி வர ஆறுதலாகத்தான் வந்தது. அதைப் பார்த்தவுடனேயே இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். நான் தாதியாக இருந்தும் ஒரு வருசம் பக்கத்தில் இருந்து கவனிக்கவில்லை. தோல் வறண்டது, முடி கொட்டியது, நாடி மெதுவானது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் சொன்னேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இவ்வளவு எழுதுகிறேன்.

பெரியப்பா: குளிசை எத்தனை நாளைக்கு?

மச்சாள்: அம்மாவுக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இது தைரொக்சின், சுரப்பி தராததைத்தான் இது தருகிறது. சுகமாகிவிட்டது என்று நிற்பாட்டக் கூடாது. ஆறிலிருந்து எட்டுக் கிழமையில் திரும்ப இரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அம்மா, ஒவ்வொரு நாளும் வெறும் வயிற்றில் தண்ணியோடு மட்டும் போடுங்கள். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். கல்சியம் குளிசைக்கு நாலு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும்.

சின்ன மாமி: ஐந்தரைக்குப் போட்டுவிட்டு முற்றம் கூட்டுவேன். தேத்தண்ணி ஆறரைக்கு.

தம்பி (கட்டார்): அக்கா, எனக்கு மாமிக்கு எதிர்மாறாக இருக்கிறது. நல்லாகச் சாப்பிடுகிறேன், ஆனால் மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்துவிட்டது. படுத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஏசி அறையிலும் வேர்க்கிறது. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

மச்சாள்: அதை வேலையில் போடாதே தம்பி. சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும் இப்படித்தான் இருக்கும். நாளைக்கே டொக்டரிடம் போ. டி.எஸ்.எச்., கழுத்துச் சுரப்பி தரும் டி4 இரண்டும் பார்க்கச் சொல்லு, சீனியும் பார். உனக்கு டி.எஸ்.எச். குறைந்து காட்டலாம். நெஞ்சு தாறுமாறாக அடித்து மூச்சு முட்டினால் நாளை வரைக்கும் நிற்காதே, இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. கண் முழி வெளியே தள்ளின மாதிரி இருக்கிறதா?

தம்பி (கட்டார்): கூட்டாளி ஒருவன் அப்படித்தான் சொன்னான். நாளைக்குப் போகிறேன்.

இரவு 8.26

தங்கச்சி (அக்கரைப்பற்று): மச்சாள், நானும் அந்தத் தைரொக்சின் குளிசைதானே இரண்டு வருசமாகப் போட்டு வந்தேன். ஏழு வாரக் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து நிற்பாட்டிவிட்டேன். பிள்ளைக்குக் கூடாது என்று ஒருவர் சொன்னார்.

மச்சாள்: ஐயோ தங்கச்சி, இல்லை! எத்தனை நாள் ஆகிறது?

தங்கச்சி: ஒன்பது நாள்.

மச்சாள்: நாளைக் காலையே தொடங்கு. முதல் மாதங்களில் பிள்ளைக்குத் தன் தைரொய்ட் வேலை செய்யாது. உன்னிடமிருந்து போவதை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. கர்ப்பத்தில் இந்தக் குளிசையின் அளவைக் கூட்டுவதுதான் வழக்கம். நாளைக்கே கிளினிக்குக்குப் போய் ஒன்பது நாள் போடவில்லை என்று மறைக்காமல் சொல்லு. ஏசினாலும் பரவாயில்லை. இரத்தம் பார்த்து அளவை அவர்கள் சொல்வார்கள்.

தங்கச்சி: பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காதே?

மச்சாள்: இப்போது தெரிந்தது நல்லது. பயந்து அழுதுகொண்டு இருக்காதே, காலையில் போ. மிட்வைஃப் மிஸ் இரும்புக் குளிசை தந்திருக்கிறாரா?

தங்கச்சி: தந்தார். இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டு வந்தேன்.

மச்சாள்: அப்படிப் போட்டால் தைரொக்சின் சரியாக உடம்பில் சேராது. இரும்பை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்.

சின்ன மாமி: மகள், நாளைக்கு முதல் பஸ்ஸில் நான் உன்னிடம் வாறேன். சேர்ந்து கிளினிக்குக்குப் போவோம். பழைய கொப்பி, ரிப்போட் எல்லாவற்றையும் பையில் எடுத்து வை.

தங்கச்சி: எடுத்து வைத்துவிட்டேன் மாமி. நீங்களும் உங்கள் குளிசையைப் போட்டுவிட்டு வாருங்கள்.