மறு: ரெக்ரெஷன் – 'பின்னடைவு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம். மென்பொருளில் 'ரெக்ரெஷன்' (regression) என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்ற பேச்சில் வந்த இந்தக் கருத்துக்கு என் பதில்:

> 'பின்னடைவு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. தேர்தல் முடிவு நாளில் தொலைக்காட்சியில் மணிக்கணக்காக ஓடுகிற சொல் அது. 'இந்தப் பதிப்பில் பின்னடைவு' என்று வழு (bug) அறிக்கையில் எழுதினால், பதிப்பு வெளிவரத் தாமதம் போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். புள்ளியியல் பாடநூல்கள் ரெக்ரெஷனுக்குத் தரும் 'தொடர்புப் போக்கு' வேறு பொருள், அதை விட்டுவிடலாம்.

நாம் பெயர் வைக்க வேண்டியது, நேற்றுவரை வேலை செய்த ஒன்று, வேறு எதையோ சரிசெய்யப் போன இடத்தில் போய்விடுவதற்கு. லினக்ஸில் க்னோம் பணிமேடையின் நாட்டிலஸ் கோப்பு மேலாளரை எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட்ஸ் (வார்ப்புருக்கள்) என்ற அடைவில், அதாவது கோப்புறையில், ஒரு வெற்று ஆவணத்தைப் போட்டுவைத்தால், வலச்சொடுக்கு மெனுவில் 'புதிய ஆவணம்' வரும். அந்த அடைவை யாராவது அழித்துவிட்டால், அடுத்தமுறை உள்நுழையும்போது அதன் இடம் பயனரின் இல்ல அடைவு (home) என்று அமைப்புக் கோப்பில் மாறிவிடும். அப்படியே விட்டால் இல்ல அடைவில் கிடப்பதெல்லாம் வார்ப்புருவாக மெனுவில் வந்து நிற்கும். அதனால் இரண்டு அடைவும் ஒன்றா என்று நிரல் பார்க்கிறது. ஒன்றென்றால் வார்ப்புருக்களைத் தேடாது.

இந்த ஒரு வரியை யாரோ திருத்தும்போது, 'ஒன்றா' என்ற கேள்வி 'உள்ளே இருக்கிறதா' என்று ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். டெம்ப்ளேட்ஸ் இயல்பாகவே இல்ல அடைவுக்குள்தான் இருக்கிறது. உடனே எல்லோருக்கும் 'புதிய ஆவணம்' காணாமல் போய்விடும். நிரல் முறியாது, பிழைச்செய்தி வராது. தினமும் அதை வைத்து வேலை பார்ப்பவர் வந்து சொன்னால்தான் தெரியும்.

இதற்கு 'நழுவல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'மெனுவிலிருந்து நழுவிவிட்டது', 'வேக நழுவல்', 'நழுவல் சோதனை' என எல்லா இடத்திலும் உட்கார்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இது எனக்கு மிக முக்கியம். இதே நாட்டிலஸ் 2012-இல், 3.6 பதிப்பில், எஃப்3 விசையில் வந்த இரட்டைப் பலகக் காட்சியை (ஒரே சாளரத்தில் இரண்டு அடைவுகளைப் பக்கம்பக்கமாகக் காட்டுவதை) எடுத்துவிட்டது. பலருக்கு வருத்தம்தான், ஆனால் அது முடிவெடுத்துச் செய்தது. அதை 'நீக்கம்' என்போம். நழுவலை வழுவாகப் பதிந்து திருத்தச் சொல்லலாம். நீக்கத்தைப் பற்றி வாதாடத்தான் முடியும்.

'மீள்வழு' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. தீர்த்த வழு அதே வடிவில் திரும்ப வருவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம், நல்ல சொல்.

'நழுவல்' பேச்சுவழக்குபோல் இலேசாக இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். 'வழுவு' என்பதற்கும் நழுவுதல் என்ற பொருள் உண்டு. அதன் உறவான 'வழு'வை நாம் தயங்காமல் எழுதுகிறோம்.

சரி, கோப்பு மேலாளரின் வெளியீட்டுக் குறிப்புகளை இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்கிறேன். வாக்கியத்தில் எங்காவது இடறினால், அந்த வரியை அப்படியே ஒட்டி ஞாயிறுக்குள் எழுதுங்கள்.