ஓட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

கெய்சர் வீதிக்காரன் கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில், நாலாம் மாடியில் இருக்கிறோம். கெய்சர் வீதியில் துணிக்கடை. மகனுக்கு நாலரை வயது. போன வருடம் ஓட்டிசம் என்று சொன்னார்கள். கதை இன்னும் வரவில்லை. ரயிலை மட்டும் "யை" என்பான். கடற்கரைப் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் போதும், பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளுவான்.

பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்க வரவில்லை. அதற்கு டொக்டர் இருக்கிறார், ஸ்பீச் தெரபி நடக்கிறது, ஓ.டி.க்கும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தெரபி) பெயர் கொடுத்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இரவு இரண்டு மணிக்கு எழும்பிவிடுவான். எழும்பினால் விடியும்வரை ஹோலில் ஓட்டம்தான். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தட்டுவார். மனைவி காப்புறுதிக் கம்பனி வேலையை விட்டுவிட்டார். பகல் முழுக்க அவர், இரவிலும் பெரும்பாலும் அவர். நான் கடையைப் பூட்டி, 100ஆம் நம்பர் பஸ்ஸில் நெரிபட்டு வந்துசேர எட்டரையாகிவிடும். வந்த கையோடு சண்டை. எதற்கென்று கேட்டால், பால்மா பேணியை மூடாததற்கு.

"நீ வேலைக்குப் போனதாலும் கையில் போனைக் கொடுத்ததாலும்தான் பிள்ளை கதைக்கவில்லை" என்று என் அம்மா மனைவியிடம் நேரே சொல்லிவிட்டார். மாமி கதிரேசன் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா, இங்கே வந்துவிடு, எல்லாம் அரசாங்கம் பார்க்கும் என்கிறார். மற்ற எல்லோரும் மனதைத் திடமாக வைத்திரு என்கிறார்கள். அந்தத் திடம் எங்கே கிடைக்கும்? புறக்கோட்டையில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

வளர்ந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். ஆரம்ப வருடங்களை எப்படிக் கடந்தீர்கள்? புத்திமதி வேண்டாம், செய்ததைச் சொன்னால் போதும்.

சாந்தி67:

தம்பி, தாங்கக்கூடியவர்களிடம்தான் கடவுள் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொடுப்பார். பொறுமையாக இருங்கள். எல்லாம் நல்லபடி நடக்கும்.

கொட்டாஞ்சேனை அம்மா:

தம்பி, என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. மேலே எழுதியவர் கோபிக்கக் கூடாது. அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதைக் கேட்டபிறகு ஏலாது என்று வாய்திறந்து சொல்லவும் முடியாமல் போகிறது.

நீங்கள் தேடும் திடம் என் கணக்கில் முக்கால்வாசி நித்திரை. நித்திரை இல்லாத இரண்டு பேர் பால்மா பேணிக்குச் சண்டை பிடிக்காமல் வேறென்ன செய்வார்கள்?

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நித்திரைப் பிரச்சினை இருக்கிறது. கிளினிக்கில் கதை வருகிறதா என்பதைப் பேசியே நேரம் போய்விடும். அதனால் நித்திரைக்கென்றே தனியாக ஒரு நாள் டொக்டரிடம் போங்கள். மலச்சிக்கல், மூக்கடைப்பு, வயிற்று எரிவு எதுவும் பிள்ளையை எழுப்பும். கதைக்காத பிள்ளை அதை எப்படிச் சொல்வான்? நாங்கள் ஒரு கொப்பியில் படுத்த நேரம், எழும்பிய நேரம், சாப்பிட்டது, பகலில் தூங்கியது எல்லாம் எழுதிக் கொண்டுபோனோம். டொக்டர் என் முகத்தைவிட அந்தக் கொப்பியைத்தான் அதிகம் பார்த்தார். பின்னேரம் ஐந்து மணித் தூக்கத்தை அப்படித்தான் கண்டுபிடித்து நிறுத்தினோம். மெலட்டோனின் என்று ஒரு நித்திரை மருந்தை யாராவது சொல்வார்கள். டொக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உங்கள் நித்திரை. என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கும் ஒரு ஷிப்ட் எழுதி பிரிட்ஜில் ஒட்டினோம். முறை இல்லாதவர் மற்ற அறையில் கதவைப் பூட்டிப் படுப்பார். பிள்ளை கத்தினாலும் எழும்பக்கூடாது. எனக்கு அதுதான் சரியான கஷ்டமாக இருந்தது; கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் என்னைவிட வேறு மாதிரித்தான் பிள்ளையைச் சமாளிப்பார், அதையும் விட்டுவிட வேண்டும். உங்களுக்கு ஞாயிறும் போயாவும் கடை பூட்டுத்தானே? அதற்கு முந்தின இரவுகள் உங்களுடையவை. மனைவியிடம் கேட்டுவிட்டு அல்ல, நீங்களாகவே எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். எங்களுக்கு என் தங்கச்சி. நேர்த்தி வைக்கும் மாமி இருக்கிறாரே, அவரையே பிடியுங்கள். ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடக்கூடாது. பிள்ளை எதைச் சாப்பிடுவான், குழப்பம் வரும் முன்னே என்ன செய்வான், அப்போது எந்த விளையாட்டுச் சாமானை எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும். பழகியபிறகு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மனைவிக்கு. அந்த நேரத்தில் அவர் சந்தைக்கு மீன் வாங்கப் போகக்கூடாது, சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மா சொன்னதை ஒரு காலத்தில் பெரிய படிப்பாளிகளே சொன்னார்கள். 1943இல் லியோ கானர் என்ற டொக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு நீண்டகாலம், தாய்க்குப் பாசம் போதாததால்தான் இது வருகிறது என்று தாய்மாரின் தலையில் கட்டினார்கள். 1964இல் பேர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று எடுத்துக் காட்டினார். அவருடைய மகனுக்கும் ஓட்டிசம். இன்றைக்கு மரபணுவின் பங்கு பெரிது என்று தெரியும். தாய் வேலைக்குப் போவதால் வருகிற விஷயம் இல்லை இது. இதை உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் மனைவி பக்கத்தில் இருக்கும்போது. மனைவியின் காதில் விழாமல் அறைக்குள் வைத்துச் சொன்னால் பாதிப் பலன்தான்.

கோயில் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது மகனைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ஆசை. தவில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவான். என் கணவர் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயர் கடையொன்றில், கொங்கிரீட் உடைப்பவர்கள் போடுகிற காதுக் கவசம் ஒன்று வாங்கி வந்தார். செம்மஞ்சள் நிறம், பார்த்தால் விமான நிலையத்து ஆள்போல இருப்பான். அதைப் போட்டுக்கொண்டு காலி வீதி ஓரத்தில் நின்றான். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர், "தம்பி என்ன பாட்டுக் கேட்கிறார்?" என்று கேட்டார். மகன் திரும்பவில்லை. தேர்ச்சில்லு உருள்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாமியைப் பார்த்தானோ தெரியாது, சில்லைப் பார்த்தான். எனக்கு அது போதும். அந்தக் கவசத்துக்குப் பிறகு நாங்கள் வீட்டோடு அடைபட்டுக் கிடக்கவில்லை. கலியாணவீட்டுக்குக்கூடப் போகிறோம், கடைசி வரிசையில் வாசல் பக்கமாக இருப்போம்.

இன்னொன்று. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குக் காத்திருந்த வாங்கில் ஹோமாகமைத் தாய் ஒருவரைச் சந்தித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் அரைகுறை. நித்திரை இல்லாத கதைக்கு அது தாராளம். இன்றைக்கும் அவருக்குத்தான் முதலில் போன் எடுப்பேன், என் சொந்தக்காரருக்கு அல்ல. மனைவியிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கச் சொல்லி.

தெஹிவளை அப்பா:

உங்கள் வீட்டில் பால்மா பேணி, எங்கள் வீட்டில் செருப்பு.

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். தகப்பன்மாருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்காராதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள், அரை மணித்தியாலம். மகனுக்கு ரயில் விருப்பம், உங்களுக்கோ ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? மனைவிக்கு வீடு அரை மணித்தியாலம் அமைதியாகக் கிடைக்கும்.

கையை மட்டும் விடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் விருப்பமானதைக் கண்டால் ஓடுவார்கள், கடற்கரைப் பாதையில் தண்டவாளம் திறந்தே கிடக்கிறது. மேடையில் சுவர்ப் பக்கமாக நில்லுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும்.

குணமாக்கித் தருகிறோம் என்று எண்ணெய், ஊசி, உடம்பிலுள்ள உலோகத்தை எடுக்கும் மருந்து என்றெல்லாம் விற்க வருவார்கள். களைத்துப்போன பெற்றோரைத்தான் தேடி வருவார்கள். அந்த உலோகம் எடுக்கும் சிகிச்சையில் 2005இல் அமெரிக்காவில் ஒரு பிள்ளை இறந்தே போனது. காசை வைத்திருங்கள், வீட்டு வேலைக்கு ஒரு ஆள் பிடிக்கலாம்.

ராகமையில் படித்தவள்:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். தெஹிவளை அண்ணா சொன்ன அந்த அரை மணித்தியாலத்தையே தெரபியாகப் பாவிக்கலாம். ரயில் தூரத்தில் தெரியும்போது "வருது... வருது..." என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். "யை" என்றாலும் சரி, கையைக் காட்டினாலும் சரி, உங்களைத் திரும்பிப் பார்த்தாலும் சரி, அது பதில். உடனே "ரயில்! ரயில் வருது!" என்று கொண்டாடுங்கள். அவசரப்பட்டு நீங்களே சொல்லி முடிக்காதீர்கள், அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. குழுவாக 9 அமர்வு, வீட்டுக்கு வந்து 3 தடவை. குளிப்பு, சாப்பாடு, விளையாட்டு என்று அன்றாட வேலைக்குள்ளேயே பிள்ளையோடு எப்படிச் சேர்வது என்று சொல்லிக்கொடுப்பார்கள். பெற்றோர் தங்களைப் பார்த்துக்கொள்வதும் அதில் ஒரு பாடம். 2022இல் இணையத்தில் இலவசமாகவும் போட்டார்கள். என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்தால் மனப்பதற்றம் தானாகக் குறையும், நான் பார்த்த தாய்மாரில் இது தெளிவாகத் தெரியும்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொழும்பில் யாராவது ஒருவர் "வீட்டில் இங்கிலீஷில் மட்டும் கதையுங்கள்" என்று சொல்லியே தீருவார். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கதை பிந்துவதாக ஆய்வுகளில் காணவில்லை. நீங்கள் கொஞ்சுகிற, ஏசுகிற மொழியிலேயே கதையுங்கள். தெரபிஸ்ட் சிங்களம் என்றால் செய்முறையை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் தமிழில் செய்யுங்கள்.

மனைவியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு மனச்சோர்வு வருவது மற்றத் தாய்மாரைவிட அதிகம். பிள்ளை தூங்கியும் அவருக்கு நித்திரை வராவிட்டால், சாப்பாடு, சிரிப்பு எதிலும் மனம் இல்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால், அது களைப்பு மட்டும் இல்லை, டொக்டரிடம் காட்ட வேண்டியது. செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று ஒரு சொல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற போன் நம்பருக்கு எடுங்கள். தகப்பன்மாருக்கும் இதே கதைதான்.

நீங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2009இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில், பார்த்த சின்னப் பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று வந்தது. வெள்ளவத்தை மாடிவீடுகளில் இரண்டு மணிக்கு வெளிச்சம் எரியும் வீடு உங்களுடையது மட்டும் இல்லை.

ஸ்காபரோ தம்பி:

அண்ணா சொல்வதில் பாதி உண்மை. பள்ளிக்கூடத்தில் உதவி உண்டு. ஆனால் ஒன்டாரியோவில் தெரபிக் காசுக்குக் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். இங்கே மாமியும் இல்லை, தங்கச்சியும் இல்லை, பனிக்காலத்தில் பிள்ளையோடு நாலு சுவர். வேறு காரணத்துக்கு வருவதென்றால் வாருங்கள், இதற்காக மட்டும் கடையை விற்காதீர்கள்.

கெய்சர் வீதிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் இருந்து வாசித்தார். மீன் வாங்கப் போகக்கூடாது என்ற இடத்தில் சிரித்தார்.

ஷிப்ட் எழுதி ஒட்டியாயிற்று. முதல் சண்டையும் அதைப் பற்றித்தான், மாதக்கடைசியில் நான் கணக்கு முடிக்கிற இரவு யாருடையது என்று. ஸ்டேஷனுக்குப் போகிறோம். "வருது" என்று நிறுத்தினால் என் வாயைப் பொத்துகிறான், அதுவும் பதில்தானா? அம்மாவிடம் இன்னும் கதைக்கவில்லை. ஞாயிறு சாப்பாட்டுக்கு வருகிறார், அன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

அக்கா, அந்தக் காதுக் கவசம் சின்னப் பிள்ளை அளவில் கிடைக்குமா?

ராகமையில் படித்தவள்:

வாயைப் பொத்துவது அருமையான பதில். நிறுத்தச் சொல்கிறான். நிறுத்துங்கள், பிறகு சின்னச் சத்தத்தில் திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா:

ஹார்ட்வெயர் கடையில் இருப்பது பெரியவர்களின் அளவு. தலைப்பட்டியை முழுக்க இறக்கினால் சிலது பொருந்தும், சிலது வழுகும். மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்தத் தெரு முழுக்க இரும்பு வெட்டுகிற சத்தம். முதலில் வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். நாள் முழுக்கப் போட விடாதீர்கள், சத்தமான இடத்துக்கு மட்டும்.

மாதக்கடைசி இரவுக்கு மாமியைக் கூப்பிடுங்கள்.