தாத்தாவோட வள்ளத்தை எப்படிக் காப்பாத்த?

குளச்சல்காரன்:
எங்க தாத்தா துடுப்பு போட்ட வள்ளம் தோப்புல கிடக்கு. அயினி மரத்துப் பலகை, கயித்தால தைச்சது, ஆணியே கிடையாது. காத்துல மாட்டின ஆளுகளை இதுலதான் ஏத்திக் கரைசேத்திருக்காவ. இப்ப விறகுக்குக் கேக்காவ. நான் குடுக்க மாட்டேன். கெடாம வைக்க வழி சொல்லுங்க.

கடியபட்டணம் தாசன்:
மொதல்ல மண்ணுலேருந்து தூக்குங்க, கறையான் விடாது. கல்லு அடுக்கி மேல வச்சு ஓலைக்கூரை போடுங்க. காத்து ஓடணும், வெயில் நேரா படக்கூடாது. வேகமா காய்ஞ்சா பலகை வெடிக்கும். கொல்லாங்கொட்டை, அதான் முந்திரிக்கொட்டை, அதோட தோட்டு எண்ணெய் தடவலாம், கையில பட்டா பொள்ளும். கயிறு இத்த இடத்துல புதுக்கயிறைப் பழைய துளையிலேயே கோத்துத் தைக்கச் சொல்லுங்க. ஆணி அடிக்க விடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்கேன்.

முட்டம் கரை:
விறகுக்குக் குடுக்காதீங்க அண்ணே. இங்கிலாந்துல ரெட்கார்னு ஒரு ஊரு. அங்க 'செட்லாண்ட்', ஹென்றி கிரேட்ஹெட் 1802ல கட்டின துடுப்புப் படகு. 500 பேருக்கு மேல காப்பாத்தினது. 1864ல உடைக்கப் போனப்ப ஊர்க்காரங்க திரண்டு தடுத்தாங்க. 1880ல திரும்பவும் கடல்ல இறங்கி ஆளுகளை மீட்டுது! இப்பவும் அதே ஊர்ல அருங்காட்சியகத்துல இருக்கு. உலகத்துல மிஞ்சின உயிர்காப்புப் படகுல அதான் பழசு.

குளச்சல்காரன்:
நன்றி அண்ணே, தம்பி. கல்லு இறக்கச் சொல்லியாச்சு. கயிறு தைக்கத் தெரிஞ்ச மூத்த ஆசாரி யாராவது இருந்தா சொல்லுங்க.