புதுப்பிப்பு: பிரிட்டன் பரிசு விழாவுக்குப் போகும் எழுத்தாளருக்கு விசா, சன்மானம், புத்தக விற்பனை

ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரப்படும் சர்வதேச புக்கர் பரிசு போன்றவற்றின் விழாவுக்கும் அதையொட்டிய அமர்வுகளுக்கும் பிரிட்டனின் சாதாரணப் பார்வையாளர் விசாவே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். பேச்சுக்குச் சன்மானம் வாங்கலாமா என்று பலர் கேட்டார்கள். வாங்கலாம். 2024 ஜனவரி 31 முதல் அதற்குத் தனி விசா கிடையாது. ஆனால் அமர்வு பயணத்துக்கு முன்பே உறுதியாகி, விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டு, போய் இறங்கிய 30 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் அழைப்புக் கடிதத்தில்தான். "அன்புடன் வரவேற்கிறோம்" என்ற இரண்டு வரி உதவாது. தேதி, இடம், தலைப்பு, சன்மானத் தொகை, விமானச் செலவு யாருடையது என எல்லாம் விழாக் குழுவின் லெட்டர்ஹெட்டில் வரட்டும். தமிழ் ஆவணத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி, பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் அதில் விடுபடக் கூடாது.

பரிசுப் பணம் வாங்கத் தடையில்லை. சர்வதேச புக்கரின் 50,000 பவுண்டு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. அழைப்பையும் இருவருக்கும் கேட்டு வாங்குங்கள், அது மொழிபெயர்ப்பாளரின் உரிமையும்தான்.

பெட்டி நிறையப் பிரதிகள் கொண்டுபோய் அரங்கில் நேரடியாக விற்காதீர்கள். இந்த விசாவில் அது கூடாது. விழாவின் புத்தகக் கடை பதிப்பாளரிடமிருந்து முன்கூட்டியே வரவழைக்கட்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.