லேசரும் டார்பிடோவும்: பகடை சதியா, விதியில் கோளாறா?

கேள்வி:
விண்கப்பல் போர் ஆட்டத்துக்குச் சொந்தமாக விதி எழுதுகிறோம். ஆறு பக்கப் பகடை. லேசர் ஒரு முறை சுட்டால் 4 பகடை. 4 அல்லது அதற்கு மேல் விழும் ஒவ்வொன்றுக்கும் 1 சேதம். டார்பிடோவுக்கு ஒரே பகடை. 4, 5, 6 விழுந்தால் மொத்தமாக 4 சேதம். இரண்டுக்கும் சராசரி 2 என்பதால் ஒரே பாயின்ட் விலை (படை அமைக்கச் செலவாகும் பாயின்ட்) வைத்தோம். 10 ஆட்டத்தில் 7-ல் டார்பிடோ படைக்கு வெற்றி. லேசர் பக்கம் விதியைக் குறை சொல்கிறது, டார்பிடோ பக்கம் பகடையை. எப்படித் தீர்ப்பது?

பதில் 1:
10-க்கு 7 எதையும் நிரூபிக்காது. சமபலமுள்ள இரண்டு படைகள் மோதினாலும், சொல்லிவைத்த ஒரு பக்கம் 7 அல்லது அதற்கு மேல் ஜெயிக்க 17% வாய்ப்பு உண்டு. 9 ஜெயித்திருந்தால் யோசிக்கலாம். அதற்கு வாய்ப்பு 1%தான். படைகளை மாற்றிக்கொண்டு ஆடிப் பாருங்கள், இல்லையென்றால் ஆளின் திறமையும் கணக்கில் கலந்துவிடும்.

ஆனால் விதியிலும் கோளாறு இருக்கிறது. சராசரி ஒன்றாக இருந்தாலும் சிதறல் ஒன்றல்ல. ஒரே முறை சுட்டுக் கப்பலை அழிக்க டார்பிடோவுக்கு எப்போதும் 50% (உடல் புள்ளி, அதாவது கப்பல் அழியத் தேவையான சேதம், 4 வரை). லேசருக்கு? 2 புள்ளிக் கப்பல் என்றால் 69%, 3 என்றால் 31%, 4 என்றால் வெறும் 6%. சின்னக் கப்பல்மேல் டார்பிடோவின் பாதிச் சேதம் வீண். 4 புள்ளிக் கப்பல்மேல் ஒரு துளிகூட வீணாகாது. உங்கள் கப்பல்களின் உடல் புள்ளி எவ்வளவு?

பதில் 2:
கவச விதியையும் சொல்லுங்கள். ஒவ்வொரு அடியிலும் 1 கழிக்கும் கவசம் என்றால் லேசர் பூஜ்யம், டார்பிடோ 3; அங்கேயே ஆட்டம் முடிந்தது. அதற்குப் பதிலாக 4-க்குக் கீழே தவறும் என்பதை 5-க்குக் கீழே தவறும் என்று மாற்றினால் இரண்டும் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், யாருக்கும் பாதகமில்லை.

சுடும் கோணமும் முக்கியம். டார்பிடோ முன்பக்கம் மட்டும் சுடுமானால், அது நிஜத்தில் எத்தனை சுற்று சுட்டது என்று எண்ணுங்கள். சுடாத ஆயுதத்துக்குச் சராசரி பேசிப் பயனில்லை.

பதில் 3:
அதிர்ஷ்டத்தை வாயால் அளக்காதீர்கள், சுற்றுவாரியாகக் குறித்து வையுங்கள். 96 லேசர் பகடைக்கு எதிர்பார்ப்பது 48 அடி, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 4.9. இரு பக்கமும் அதில் இரண்டு மடங்கு வரை விலகலாம், ஆக 39 முதல் 57 வரை சாதாரணம். 40 அடி விழுந்தவர் அழுதால் நம்பாதீர்கள். டார்பிடோவில் 6 முறை சுட்டு ஒன்றோ பூஜ்யமோ அடிப்பதற்கே 11% வாய்ப்பு.

மொத்தத்தைவிட முதல் சுற்று பெரிது. 1916-இல் ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் எழுதிய இருபடி விதிப்படி (படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்), சமதரமான 10 கப்பல் 8 கப்பலோடு மோதினால் மிஞ்சுவது 2 அல்ல, 6. முதல் சுற்றில் விழும் கப்பல் அடுத்த எல்லாச் சுற்றுகளின் பகடைகளையும் கொண்டுபோய்விடுகிறது. அதனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுட்டு, சுற்றின் முடிவில் சேதத்தைக் கழியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கவசம் இல்லை, எல்லாக் கோணத்திலும் சுடலாம். உடல் புள்ளிகள் 4, 8, 12.

பதில் 1:
அதுதான் விஷயம், எல்லாமே 4-இன் மடங்கு! 4 புள்ளிக் கப்பலை அழிக்க டார்பிடோ சராசரியாக 2 முறை சுட வேண்டும், லேசர் 2.4. அதற்காக 13 வைத்தால் தலைகீழாகும்: டார்பிடோவுக்கு நாலாவது அடி தேவைப்பட்டு 8 முறை, லேசருக்கு சுமார் 6.9. 3, 7, 11 என்று வையுங்கள். டார்பிடோவுக்கு 2, 4, 6 முறை. லேசருக்கு ஏறத்தாழ 1.9, 3.9, 5.9. பாயின்ட் விலையைத் தொட வேண்டியதில்லை. ஊசலாட்டம் பிடிக்கவில்லை என்றால் டார்பிடோவை 2 பகடையாக, அடிக்கு 2 சேதமாகப் பிரியுங்கள். சராசரி அதே 2, திட்டவிலக்கம் 2-இலிருந்து 1.4 ஆகும். ஆனால் அப்போது உடல் புள்ளிக் கணக்கை மறுபடி போட வேண்டும்.