ஆக்சசிலின் வட்டம் 15 மி.மீ., ரிப்போர்ட்டில் பெனிசிலின் ‘சென்சிடிவ்’. எப்படி?

அகார்தட்டு:
மைக்ரோபயாலஜி லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நிமோனியா நோயாளியின் சளியில் நிமோகாக்கஸ் வளர்ந்தது. 1 மைக்ரோகிராம் ஆக்சசிலின் (பெனிசிலின் வகை மருந்து) டிஸ்க் வைத்ததில், கிருமி வளராத வட்டம் 15 மி.மீ. தான். ரெசிஸ்டன்ட் என்று எழுதப் போனேன், சீனியர் தடுத்து எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்து அளவு) பார்க்கச் சொன்னார். பெனிசிலின் ஸ்ட்ரிப்பில் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் என்று வந்தது, உடனே ‘சென்சிடிவ்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குப் புரியவில்லை.

பழைய_லேப்காரன்:
சீனியர் செய்தது சரி. ஆக்சசிலின் டிஸ்க் வெறும் வடிகட்டிதான்: 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் பெனிசிலின் வேலை செய்யும் என்று தைரியமாக எழுதலாம், 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் ‘இன்னும் தெரியாது’ என்றுதான் அர்த்தம், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் சென்சிடிவ் கிருமியும் இருக்கும் ரெசிஸ்டன்ட் கிருமியும் இருக்கும், பிரித்துச் சொல்ல எம்ஐசி வேண்டும். அப்புறம் அந்த 1. லேப் தரங்களை வகுக்கும் சிஎல்எஸ்ஐ அமைப்பு 2008இல் வரம்பை மாற்றியது. நுரையீரல் தொற்றுக்கு ஊசிவழி பெனிசிலின் என்றால் 2 வரை சென்சிடிவ். அதே கிருமி மூளைத் தண்டுவட நீரில் வளர்ந்திருந்தால் 0.12 வந்தாலே ரெசிஸ்டன்ட், ஏனென்றால் மருந்து அங்கே போய்ச் சேர்வது கொஞ்சம்தான். மாத்திரைக்கும் வரம்பு வேறு, உங்கள் 1 அதில் இடைநிலை. ஆகவே ‘சென்சிடிவ்’ என்று மொட்டையாக விடாமல், மூளைக்காய்ச்சல் அல்லாத தொற்றுக்கு, ஊசிவழி என்று சேர்த்து எழுதுங்கள். இதை விட்டுவிட்டு ரிப்போர்ட் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இரவு_டூட்டி:
வட்டத்தை எதை வைத்து அளந்தீர்கள்? இரத்த அகாரில் பச்சையாகத் தெரியும் ஹீமோலிசிஸ் (சிவப்பணு சிதைவு) ஓரத்தை அளக்கக் கூடாது, வளர்ச்சி நிற்கும் விளிம்பைத்தான் அளக்க வேண்டும். மூடியைத் திறந்து, மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் தட்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். 5% கார்பன் டை ஆக்சைடில் 20 முதல் 24 மணி நேரம் வைத்தீர்கள்தானே?

அகார்தட்டு:
ஆமாம், நேரமெல்லாம் சரி, வளர்ச்சி விளிம்பைத்தான் அளந்தேன். இன்னொரு சந்தேகம். மாத்திரைக்கு இடைநிலை என்றால் அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்த்தால் தீருமா?

பழைய_லேப்காரன்:
அமாக்சிசிலினுக்குத் தனி எம்ஐசி பாருங்கள். கிளாவுலனேட் இந்தக் கிருமியிடம் எதுவும் செய்யாது. நிமோகாக்கஸ் பெனிசிலினைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதியைச் சுரப்பதே இல்லை, மருந்து ஒட்டும் புரதத்தையே மாற்றிக்கொண்டுதான் தப்பிக்கிறது. கிளாவுலனேட் அந்த நொதியை முடக்கும் மருந்து, அது உதவுவது நொதியைச் சுரக்கும் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா கிருமிகளிடம். நைட்ரோசெஃபின் டிஸ்க்கில் காலனியைத் தேய்த்துப் பாருங்கள், மஞ்சள் சிவப்பாக மாறினால் நொதி இருக்கிறது. ஆனால் ஹீமோஃபிலஸில் நிறம் மாறவில்லை என்பதற்காக ஆம்பிசிலின் சென்சிடிவ் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அங்கேயும் புரதத்தை மாற்றிக்கொண்ட கிருமிகள் உண்டு, அவற்றுக்குக் கிளாவுலனேட்டும் கைகொடுக்காது.

இரவு_டூட்டி:
டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் நிமோனியா ரிப்போர்ட்டில் போட்டுவிடாதீர்கள். தட்டில் அழகாக வேலை செய்யும், நுரையீரலின் காற்றறைகளுக்குள் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் திரவம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.